ஏழு மணி வகுப்பு

“ஷாமிலா வீடு இதுதானுங்களா? நான் விஜிதரன், வாட்ஸ்அப்புல இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிற சேர்.”

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்ற நாகலெட்சுமிக்கு முகம் வெளிறிவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

“வாங்க சேர். நான் அவ அம்மா. அவ... வெளிய போயிருக்கா.”

“பரவாயில்லங்க, இருந்து பார்த்துட்டே போறேன்.”

டிக்கோயாவில் வாடகை அறையில் தனியாக இருப்பவனுக்கு என்ன அவசரம்? பள்ளிக்கூடம் விட்டால் அவனோடு பேச ஓர் ஆள் கிடையாது. அந்த வெறுமை தாங்காமல்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பைத் தொடங்கினான். சேர்ந்தவர்கள் முப்பது பேர். இலக்கணத்தில் ஜெரண்ட் என்றதும் முக்கால்வாசிப் பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் ஷாமிலா ஒருத்திதான். அவளும் நின்றுவிட்டால் வகுப்பும் இல்லை, அவனுக்கு மாலைப் பொழுதும் இல்லை. அதனால்தான் நேரில் பார்த்து நாலு வார்த்தை பாராட்ட டயகமவுக்கு பஸ் ஏறி வந்திருந்தான்.

“உங்க மகதாங்க ஏழு மணிக்குத் தவறாம பதில் போடுறது. பாதி பிழைதான், ஆனா போடுவா. ‘ஐ ஆம் பிளக்கிங்’, அதாவது ‘கொழுந்து பறிக்கிறேன்’னா அது வேர்ப், ‘பிளக்கிங் இஸ் ஹார்ட்’னா அதே சொல்லு ஜெரண்ட், நவுன் மாதிரின்னு சொல்லிக் குடுத்தேன். ‘இடுப்பு ஒடியிற வேலை சேர், அதப் போயி நவுன்ல சேக்குறீங்களே’ன்னு மடக்கிட்டா!”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எதிரில் ஆள் இருக்கச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்தும் ஷாமிலா வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“எங்க இருந்தாலும் என் கேள்விக்குப் பதில் வரும் பாருங்க” என்று போனில் ஒரு கேள்வியைத் தட்டி அனுப்பினான்.

நாகலெட்சுமியின் இடுப்பில் செருகியிருந்த போன் ‘டிங்’ என்றது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஷாமிலா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயி அஞ்சு மாசமாச்சுங்க சேர். தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நிக்காதவங்க பேரை வெட்டிருவாங்க... உங்க வகுப்புலயும் அப்படி வெட்டிட்டா, எம்புள்ள திரும்பி வர்றப்ப எடமில்லாமப் போயிருமேன்னு நான்தாங்க அவ பேருல தெனமும் பதில் எழுதுனேன்.”