நெட்டையரின் மேசை

"இந்த மேசை வேண்டாங்க. பளபளன்னு பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. இனிமே ஆபீஸ்ல பழைய மரம், மூங்கில், கல் மட்டும்தான்" என்றார் உள்ளலங்கார நிபுணர்.

தலைமை எழுத்தர் பதறினார். ஆறடி நான்கு அங்குலம் வளர்ந்த அவருக்கு முழங்கால் இடிக்காத மேசை அது ஒன்றுதான்.

"ஐயா, அசல் தேக்குங்க! வாரம் தவறாம நானே மெழுகு போட்டுத் தேய்ச்சது."

"அங்கதான் கெடுத்தீங்க. பார்க்கப் பழசா இருக்கணுமே! திங்கட்கிழமை பழைய சாமான் கடைக்குப் போயிடும்."

திங்கட்கிழமை பொருளறையில் தழும்பும் பூச்சித்துளையுமாக ஒரு மேசை நின்றது. நிபுணர் துள்ளிக் குதித்தார்.

"அடடா! நூறு வருஷத்துக் கதை சொல்லுதே!"

"என் இடத்துலயே போட்டுடலாமுங்களா?" என்றார் எழுத்தர், ஆவலை அடக்கிக்கொண்டு.

"உங்க மூலையிலயா? குரங்கு கையில பூமாலை! இது முதலாளி அறைக்குங்க."

குள்ளமான முதலாளி வந்து அமர்ந்தார். முகவாய் மேசைமேல் முட்டியது.

"அருமையான மேசை! கால் நாலையும் அரை அடி அறுத்துடுங்கப்பா."

ரம்பத்தின் ஒவ்வோர் இழுப்பும் எழுத்தரின் முழங்காலில் வலித்தது. ஞாயிறு முழுவதும் தம் மேசையைத் தாமே சங்கிலியால் அடித்து, ஆணியால் துளைத்துப் பழசாக்கிய கைகளை, கொப்புளம் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.