இருபத்திமூன்று நாளாய் அறுபடாத லைன்

"அந்த சோடாபுட்டியை இனிமே என் வீட்டுப் பக்கம் அனுப்பாதீங்கன்னு எழுதிக் கொடுத்ததே நான்தான்."

கதவைத் திறக்கும்போதே பெரியவர் இப்படித்தான் வரவேற்றார்.

கருவிப்பையோடு வாசலில் நின்ற இன்டர்நெட் கம்பெனிப் பெண் சிரித்தாள். "தெரியும் சார். அவரை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்க. அதான் நான் வந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. நாலு தடவை வந்தான்மா. நாலு தடவையும் எதையாவது நோண்டிட்டு, 'இப்ப சரியாயிடும் சார்'னு பல்லைக் காட்டிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு என் பொண்ணு வீடியோ கால்ல கூப்பிடுவா. ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். பட்டுன்னு போயிடும். அப்புறம் அன்னைக்கு லைனே கிடைக்காது. வாரத்துக்கு ஒருநாள்தான் அவளைப் பார்க்கிறேன், அதுவும் அரைகுறையா."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அதை மறைக்க ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி எழுதித் தேய்ந்த கை சும்மா இருக்குமா? பேச்சு அறுந்த நேரமெல்லாம் நோட்டில் இருந்தது. 4.07. 4.09. 4.06.

"இது போதும் சார்," என்றாள். "மோடம் உள்ளே ஒரு பதிவு இருக்கும். எப்போ லைன் பிடிச்சது, எப்போ விட்டதுன்னு. ரெண்டையும் ஒத்துப் பார்த்துடலாம். கொஞ்சம் நேரமாகும், உட்காருங்க."

அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். மதிய வெயில் திரைச்சீலையில் வடிந்து அறை முழுக்க மங்கலாக இருந்தது. மோடத்தின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் சொக்கியது.

அரைத் தூக்கத்தில் மோடத்திலிருந்து போன வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஜன்னல் தாண்டி, மரக்கிளை தாண்டி, தெருமுனையில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் புகுந்து வெளியே வந்தார். கால் வலிக்கவே இல்லை. ஊர்கள் போயின. ஓர் ஆறு போனது. வயரின் கடைசியில் ஒரு சின்ன அறை. மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "இந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார். திரும்பவில்லை.

"சார்..."

விழித்துக்கொண்டார்.

"லைன் நல்லா இருக்கு சார். முதல் தடவை அவர் வந்தப்போ வேகம் ஆறு எம்பிதான். பெட்ரூம்ல சும்மா கிடந்த பழைய போன் வயரைக் கழட்டிட்டு, மோடத்தை நேரா மெயின் சாக்கெட்ல மாட்டியிருக்கார். இப்போ பதினெட்டு. இந்தத் தெருவுல வேற யாருக்கும் இவ்வளவு வராது."

"வேகம் இருந்து என்ன பண்ண? அறுந்து போகுதே!"

"அறுந்து போகலையே சார். கடைசியா அவர் வந்துட்டுப் போனதிலேர்ந்து இருபத்திமூணு நாள். ஒரு நொடி கூட விடலை."

"அப்போ என் நோட்டு பொய்யா?"

"நோட்டு பொய்யில்லை..." அவள் தயங்கினாள்.

"அவ லைன்ல கோளாறா?"

அவள் தன் போனை எடுத்து எதையோ தேடினாள்.

"பின்னே அவன் எதுக்கும்மா நாலாவது தடவையும் வந்து வயரை மாத்தினான்? சும்மா ஏமாத்தினானா?"

எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. புகார் விவரம் இருந்த தன் போனை அவரிடமே கொடுத்துவிட்டாள். அடுத்து வருபவருக்காக சோடாபுட்டி எழுதி வைத்திருந்த குறிப்பு அதில் இருந்தது.

'லைனில் பழுது இல்லை. மூன்றாம் முறை போனபோது நேரில் பார்த்தேன். அழுகை வரும்போது மகளே துண்டிக்கிறார். பெரியவருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். கூப்பிட்டால் போய் ஏதாவது ஒரு வயரை மாற்றிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வரவும்.'

பெரியவர் இரண்டு தடவை படித்தார். வேலை கிடைத்து மகள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, பஸ் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்று கறாராகச் சொன்னது நினைவுக்கு வந்தது. "போன்ல அழுது வடிஞ்சேன்னா எனக்குத் தாங்காது. சிரிச்ச முகமா இருந்தா கூப்பிடு, இல்லேன்னா வேண்டாம்."

நோட்டில் நேரம் எழுதினாரே தவிர, அந்த நேரத்தில் மகள் முகம் எப்படி இருந்தது என்று ஒருநாளும் எழுதியதில்லை.

"அந்தத் தம்பி இப்போ எங்கே இருக்காப்ல?"

"ரொம்பத் தூரம் சார். ரெண்டு பஸ் மாறிப் போறார்."

"நம்பர் குடும்மா. நானே பேசறேன். எழுதிக் கொடுத்ததையும் வாபஸ் வாங்கிக்கறேன்." தலை குனிந்தே இருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

அவள் நம்பரை எழுதி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அன்றும் ஞாயிறுதான். நான்கு மணிக்கு மகள் திரையில் வந்தாள். சிரித்தாள். ஆபீஸ் நல்லா இருக்கு என்றாள், ரூம் நல்லா இருக்கு என்றாள், எல்லாமே நல்லா இருக்கு என்றாள். ஏழாவது நிமிஷம் உதடு லேசாகத் துடித்தது. கை திரையை நோக்கி வந்தது.

"இருப்பா, ஏதோ கட் ஆகுற மாதிரி—"

"கட் பண்ணாதே கண்ணு," என்றார். "லைன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அழணும்னா அழு. நான் திடமாத்தான் இருக்கேன்."

சொன்னவர்தான் முதலில் அழுதார்.