எறும்புத்தின்னிக்கு எடுத்த விழா

காட்டு நாடகத்துக்குத் திரைச்சீலை வரையும் கொட்டகையில் எறும்புத்தின்னிதான் சாயம் கலக்கும். கண் மங்கல்தான். ஆனால் சட்டியில் மூக்கை வைத்தால் போதும், விடியற்கால வானத்துக்கு எந்த நீலம் என்று சொல்லிவிடும். ஒரே ஒரு தொல்லை: சத்தம் கேட்டால் அதன் உடம்பு தானாகச் சுருண்டு பந்தாகிவிடும். அந்தக் கொட்டகையிலோ எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பாட்டும் மேளமுமாகத்தான் வேலை செய்வது வழக்கம்.

ஒருநாள் அது தயங்கித் தயங்கித் தலைமைக் குரங்கிடம் போனது. "அண்ணே, அந்த மூலையில, ஓலைத் தட்டிக்குப் பின்னால உட்கார்ந்து கலக்கட்டுமா?"

குரங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "தனியாவா? உன்னை ஒதுக்கி வெச்சுட்டோம்னு காடே பேசாதா? நீ எங்க பிள்ளைடா!"

அன்று மாலையே விழா எடுத்தார்கள். எறும்புத்தின்னியை நட்டநடுவில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். "இவன் மாதிரி யாருமே இல்லை, அதுதான் நமக்குப் பெருமை!" என்று குரங்கு முழங்கியது. மரங்கொத்தி மேளத்தில் வெளுத்துக்கட்டியது.

எறும்புத்தின்னி சுருண்டுகொண்டது. மாலையும் உள்ளே மாட்டி நசுங்கியது. நசுங்கிய பூ வாசனையோடு, அந்த இருட்டுக்குள், இது எப்போது முடியும் என்று காத்துக்கிடந்தது. பாதி கலந்த நீலம் வெளியே சட்டியில் காய்ந்துகொண்டிருந்தது.

"பாருங்கடா, வெட்கப்படுறான்!" குரங்கு பூரித்துப்போனது. "எல்லாரும் கிட்ட வாங்க. தனியா இருக்கோம்னு அவன் நினைச்சிடக் கூடாது. மேளம் இன்னும் பலமா!"

எல்லோரும் நெருங்கி வந்தார்கள். ஓலைத் தட்டிக்குப் பின்னால் அந்த மூலை காலியாகவே கிடந்தது.