ஈஸ்வரி பேரில் ஒரு துப்பாக்கி

“துப்பாக்கிய எம்பேருக்கு மாத்திக் குடுங்க.”

“பொம்பளைக்கு இன்னாத்துக்குடி துப்பாக்கி? கொல்லைக்குப் பன்னி வந்தா கரண்டியால அடி.”

போன வருடம் கணவன் ஜீவானந்தம் சொன்ன அந்தப் பதிலை நினைத்தால் ஈஸ்வரிக்கு இன்னும் எரிந்தது. இப்போது அவனுக்குக் கண் மங்கிவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்க டாக்டர் சான்று தரவில்லை. வேறு வழியில்லாமல் அவளோடு போளூர் தாலுகா அலுவலகத்துக்கு வந்து, பெயர் மாற்றக் கையெழுத்துப் போட்டான்.

“பேருதான் உன்னுது. துப்பாக்கி எங்கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும்,” என்று உறுமினான்.

அதிகாரி துப்பாக்கியைச் சரிபார்த்து, புது உரிமத்தை அவளிடம் நீட்டினார். “சாமைக் கொல்லைக்குக் காவலாம்மா?”

“இல்லீங்க. இனி இது என்னுதுதானுங்களே?”

“ஆமாம்மா.”

“பன்னண்டு வருசமா குடிச்சிட்டு வந்து, எம்பொண்ணு நெஞ்சுக்கு நேரா இத்தத்தான் நீட்றாரு. எங்க வூட்டுக்கு இது வேணாம். நீங்களே எடுத்துக்குங்க சார்.”