படகு விபத்து: பிரதமர் பதில்

“மாண்புமிகு பிரதமருக்கு நீச்சல் தெரியுமா?”

பிரதமருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷ அரசியலில் எடுத்த எடுப்பிலேயே இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் வீசியதில்லை.

“அவைத்தலைவர் அவர்களே, இது கேள்வியா, கிண்டலா?”

“கேள்விதான். போன வாரம் அரசாங்கப் படகுல மூழ்கினவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அதான் கேட்டேன். ஓட்டை உடைசல் படகை ஓட்டலாம்னு அனுமதி கொடுத்தது உங்க அரசாங்கம்தானே?”

பிரதமர் எழுந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மனப்பாடம் செய்திருந்த வரிகள் தங்குதடையில்லாமல் வந்தன.

“படகில் எந்தப் பழுதும் இல்லை. விசாரணை அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. காற்று பலமாக அடித்தபோது பயணிகள் பதற்றப்பட்டு ஒரே பக்கமாக ஓடினார்கள். அதனால்தான் படகு சாய்ந்தது. இது பெரும் துயரம். ஆனால், அரசின் மீது தவறில்லை.”

“அப்போ செத்தவங்கதான் குத்தவாளிங்க.”

“நான் அப்படிச் சொல்லல.”

“அதைத்தான் சொன்னீங்க. நல்ல தமிழ்ல சொன்னீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.”

பிரதமரின் கை மேஜையில் ஓங்கி விழுந்தது. டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பிக் காகிதங்களை நனைத்தது.

“வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. எழவு வீட்டுல ஓட்டுப் பொறுக்குறது உங்க கட்சிக்கு ஒண்ணும் புதுசில்ல. இந்த அரசாங்கம் வந்த நாள்ல இருந்து எங்க குழி வெட்டலாம்னுதானே அலையறீங்க?”

“சார், சார்.” அவைத்தலைவர் இடத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் கையைத் தூக்கினார். “இங்கதான் வழுக்கறீங்க. மத்தியானம் சபையில இதே மாதிரி மேஜையைக் குத்தினா, நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் அந்தப் படம்தான் வரும்.”

பிரதமர் மூச்சை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய அலுவலகத்தின் கூட்ட அறை அது. சபையில் சிக்கலான கேள்வி வரப்போகிறது என்றால் இங்கே ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். எதிர்க்கட்சித் தலைவராக நின்று அவரைக் குடைவது எப்போதும் அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் பெண்தான்.

அவள் மேல்தான் அவருக்கு இன்று காலையிலிருந்து கடுப்பு. விபத்து நடந்த மறுநாளே லீவு போட்டவள் இன்றைக்குத்தான் வந்து நின்றாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“இங்க ஊரே என்னைக் கரிச்சுக் கொட்டுது. உனக்கு இப்பதானாம்மா லீவு கேட்டுச்சு?”

“வீட்டுல ஒரு வேலை சார். ஆரம்பிக்கலாமா?” என்றதோடு சரி.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. வழக்கமாகக் கையில் குறிப்பு வைத்துக்கொண்டு, நடுநடுவே சிரித்துவிட்டுக் கேட்பாள். இன்று கையில் காகிதமும் இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. எதிர்க்கட்சித் தலைவரே வந்து நிற்பது போலத்தான் இருந்தது.

“சரி, மேல கேளு. எனக்காகத் தயவு தாட்சண்யம் பாக்காத. அவங்க எப்படிக் கிழிப்பாங்களோ அப்படியே கிழி.”

அவள் மேஜைக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள்.

“ஒரே பக்கமா ஓடினாங்கன்னு சொன்னீங்க. கீழ்த்தளத்துல இருந்தவங்க எங்க ஓடினாங்க?”

“அவங்களும் பயந்து போய் மேல ஏறி...”

“எப்படி ஏறினாங்க? குறைஞ்ச டிக்கெட்டுக்காரங்க மேல வந்துடக் கூடாதுன்னு கீழ்த்தளக் கதவை வெளியில பூட்டி வெச்சிருந்தாங்களே. தண்ணி முழங்காலுக்கு வந்தப்பவும் திறக்கலையே. உள்ள இருந்து கதவைத் தட்டினவங்ககிட்ட, ‘சாவி என்கிட்ட இல்ல, சும்மா இருங்க’ன்னு அதட்டினது யாரு? உங்க சிப்பந்திதானே?”

செயலாளர் அறிக்கையை அவசரமாகப் புரட்டினார். “கதவு, பூட்டுன்னு இதுல எதுவுமே இல்லையே.”

“இருக்காது,” என்றாள் அவள்.

பிரதமருக்கு மறுபடியும் தலைக்கேறியது. ஆனால், இந்த முறை அவர் மேஜையைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“கீழ்த்தளத்துல இருந்து ஒருத்தர்கூடப் பிழைக்கல. அப்படி இருக்கும்போது கதவு பூட்டியிருந்ததுன்னு உங்ககிட்ட யார் வந்து சொன்னாங்க? செத்தவங்களா?”

செயலாளர் தொடையில் தட்டிக்கொண்டார். “இது போதும் சார். இதைக் கேட்டீங்கன்னா எதிர் வரிசையில ஒருத்தர் வாய் திறக்க மாட்டாங்க. அப்படியே குறிச்சுக்கறேன்.”

பிரதமருக்கு அன்று காலையில் முதல் தடவையாக முகம் மலர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தார். “பூட்டு, சாவின்னு பிரமாதமாக் கதை கட்டின. ஆனா, நான் இப்பக் கேட்டதுக்கு உன்னாலயே பதில் சொல்ல முடியல பாத்தியா?”

அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

“என் தங்கச்சிதான் சொன்னா சார், உள்ள இருந்து, போன்ல.”