டோபியாஸின் சாட்சி

“டோபியாஸ் எங்க? உங்களோட வரலையா?”

கதவைத் திறந்ததும் ஹல்டா கேட்ட முதல் கேள்வி அதுதான். வாசலில் நின்ற ஓரினின் தோளிலிருந்து வழியும் ரத்தத்தை அதற்குப் பிறகுதான் அவள் பார்த்தாள்.

“முதல்ல உக்கார விடுங்கம்மா. சொல்றேன்.”

ஓரின் நாற்காலியில் சரிந்தான். கூலிக்குத் துப்பாக்கி தூக்கும் கூட்டம் அவர்களுடையது. யார் கூப்பிட்டாலும் போவார்கள். இந்தத் தடவை கூப்பிட்டவர்கள் ஆற்றோரத்துச் சின்ன விவசாயிகள். மேட்டு நிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் கிரிம்ஷா, அவர்களுடைய வேலிகளை அறுத்தும் வீடுகளைக் கொளுத்தியும் விரட்டப் பார்த்தான். காவலுக்கு ஐந்து பேர் வந்து இறங்கிய அன்று, இவர்களுக்குச் சாப்பாடு போட ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. ‘என் வீட்டுல சாப்பிடட்டும்’ என்று தானாக முன்வந்தவள் விதவை ஹல்டா.

அவள் சட்டைக் கையைக் கத்தரித்தாள். வெந்நீரில் துணியை நனைத்துக் காயத்தைத் துடைத்தாள்.

“குண்டு உள்ள இல்ல. சதையைப் பிய்ச்சிட்டுப் போயிருக்கு. உங்க தலைவர் பெர்டெல் எங்க?”

“செத்துட்டான். மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. இன்னிக்குக் காலையில, கரடிப் பள்ளத்துல. கிரிம்ஷா ஆளுங்க எங்களுக்கு முன்னாடியே வந்து பாறைக்குப் பின்னால உக்காந்திருக்கானுங்க. காப்பி போட்டுக் குடிச்சுக்கிட்டு, சாவகாசமா.”

“டோபியாஸும் அங்கதானா?”

துணியைப் பிழிந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

“அவன் நேத்தே போயிட்டான்மா.”

“எங்க?”

“எங்கேயும் போகல. நாங்கதான் சுட்டுட்டோம்.”

ஹல்டா எதிரில் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

“நாங்க எந்த வழியா போனாலும் அவனுங்க காத்துக்கிட்டு நிக்கிறானுங்க. யாரோ தகவல் சொல்றாங்கன்னு பெர்டெலுக்குச் சந்தேகம். நாங்க நாலு பேரும் பல வருஷமா ஒண்ணா திரியறவங்க. டோபியாஸ் ஒருத்தன்தான் புதுசு, போன குளிருக்குத்தான் சேர்ந்தான். மத்தியானமானா சொல்லாமக் கொள்ளாம எங்கேயோ போயிடுவான். எங்கடா போறேன்னு கேட்டா மழுப்புவான்.”

“இங்கதான் வருவார்” என்றாள் ஹல்டா. “கொட்டகைக்குக் கூரை போட்டுத் தந்துக்கிட்டிருந்தார்.”

“அதைத்தான் அவனும் சொன்னான். வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னான். பெர்டெல் சிரிச்சான். ‘கூலிக்குச் சுடுறவன் கூரை போடப் போனானாம், கேளுங்கடா’ன்னு. அவன் அழல, கெஞ்சல. ‘நான் அப்படிப்பட்டவன் இல்லன்னு ஹல்டாவுக்குத் தெரியும். அவங்களை ஒரு வார்த்தை கேளுங்க’ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான்.”

“நீங்க யாரும் கேக்க வரலையே.”

“குதிரையில அரை மணி தூரம்தான். வந்திருக்கலாம். நானாவது வந்திருக்கணும். வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

“யாரு சுட்டது?”

“சீட்டுக்கட்டுல ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தோம். சின்னச் சீட்டு எனக்குத்தான் வந்துச்சு.”

அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்து வாடை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

“இன்னிக்குப் பள்ளத்துல துப்பாக்கி முனைங்களைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு” என்றான் ஓரின். “அந்த வழியா போறதுன்னு நேத்து ராத்திரிச் சாப்பாட்டுலதான் முடிவு பண்ணோம், அவன் காவலுக்கு நிக்கிறான்னு உங்ககிட்ட பொய் சொன்னோமே, அப்ப. செத்தவன் எழுந்து போய்த் தகவல் சொல்லியிருக்க முடியாது. அவன் சொன்னதுதான் நிஜம். பெர்டெலுக்கும் புரிஞ்சிருக்கும். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அதுக்குள்ள சுட்டுட்டானுங்க.”

ஹல்டா ஜன்னலுக்குப் போனாள். வெளியே கொட்டகையின் ஒரு பாதிக்குப் புதுப் பலகை வேய்ந்திருந்தது. மறுபாதி திறந்து கிடந்தது. ஏணி இன்னும் சுவரில் சாய்ந்தே இருந்தது. அவள் ஏப்ரன் துணியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஆளைச் சாய்க்கும் அழுகை. கூட்டத்தில் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி பரிமாறியவள் இப்படி உடைந்து அழுவாள் என்று ஓரின் நினைக்கவில்லை.

“அவன்மேல உங்களுக்கு இவ்வளவு பிரியம்னு எங்களுக்குத் தெரியாதும்மா.”

“எனக்கே இப்பத்தான் தெரியுது.”

“என்னைத் திட்டுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. இந்தப் பள்ளத்தாக்குல எங்களை மனுஷங்களா நடத்தினது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டேனே.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வந்து, சுத்தமான துணி ஒன்றை எடுத்துக் காயத்தைச் சுற்றினாள். வலிக்காமல், நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

“டோபியாஸ் சொன்ன மாதிரி நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உண்மையைச் சொல்லியிருப்பேன், ஓரின். அவரைச் சாக விட்டிருக்க மாட்டேன்.”

“அவன் கூரைதான் போட்டான்னு சொல்லியிருப்பீங்க. பெர்டெல் அதை நம்பியிருப்பானான்னு தெரியல.”

“அது இல்ல.” ஹல்டா அவன் கண்களை நேராகப் பார்த்தாள். “முட்டை விக்கிற சாக்குல போய், நீங்க போற வழியையெல்லாம் கிரிம்ஷாகிட்ட சொன்னது நான்தான்னு சொல்லியிருப்பேன். நெப்ராஸ்காவுல கூலி வாங்கிக்கிட்டு என் புருஷனை வாசல்லயே சுட்டுப் போட்டீங்களே, கதவிடுக்கு வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னிக்கு வந்த நாலு பேர்ல டோபியாஸ் இல்ல.”