நாற்பத்திரண்டு பெட்டி

ஸ்டேஷனில் தேங்கிய நெல் மூட்டைகள் கூட்ஸில் ஏறி ஆலைக்குப் போனால்தான் கொள்முதல் நிலையத்தில் புது நெல்லை எடை போடுவார்கள். ஸ்டேஷனில் சுமைதூக்கும் மிக்கேல்ராஜின் நெல்லும் அந்த நிலையத்தில் பன்னிரண்டு நாளாக மழையில் கிடந்தது.

“நெல்லு முளைவிட்டுடுச்சுங்க,” என்றாள் மனைவி சவரியம்மாள் போனில்.

“கூட்ஸ் வந்துடுச்சு சவரி. இன்னைக்கே ஏத்திடுவோம்.”

நாற்பத்திரண்டு பெட்டி. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடிப்போய் முதல் கதவைத் தள்ளினான்.

உள்ளே கூரை முட்ட ரேஷன் அரிசி. இரண்டு மாநிலம் தாண்டி வந்திருந்தது.

“இதை இறக்கிட்டு நம்ம நெல்லை ஏத்திடலாமா மேஸ்திரி?”

“ஆலை வரைக்கும் அம்பது கிலோமீட்டருக்கு ஏத்துனா ரயிலுக்குக் கட்டுப்படியாகாதாம். காலியாத்தான் திரும்புது. நெல்லு மூட்டையை ஓரங்கட்டு, அரிசி வைக்க இடம் வேணும்.”

சட்டைப்பையில் போன் மறுபடி அடித்தது. மிக்கேல்ராஜ் அரிசி மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான்.